தாங்கி

விதைப் பரிசோதனை நிலையத்தில்
பதினோரு வருஷம்.
ஈரத்தாளில் நூறு நூறாய் நாலு சுருள்,
நானூறு நெல்.
பதினாலாம் நாள் பிரித்து எண்ணுவேன்:
நல்ல முளை, கோணல் முளை,
உயிரிருந்தும் முளைக்காதது, செத்தது.
எண்பதுக்குக் கீழே போனால்
நீல அட்டை கிடையாது.
எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள்,
வடுவூர்க்காரர் ஒருவர் அழவே அழுதார்.
சட்டம் சட்டம்தான் என்றிருக்கிறேன்.

தஞ்சாவூர், மருத்துவக் கல்லூரிச் சாலை,
இரண்டாம் மாடி. கீழே செருப்புக்கடை.
மன்னார்குடியில் சொல்லிவிட்டு வந்தது:
கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.

ஷர்மிளா பானு என்ற ஆலோசகர்
இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
தம்பதியாய்ச் செய்தால் தள்ளுபடி என்று
எனக்கும் எடுத்திருந்தார்கள் ரத்தம்,
தேவையே இல்லாமல்.

தமயந்திக்கு ஒரு வரி சிவப்பில்:
பீட்டா தலசீமியா, தாங்கி.
எனக்கு மூன்று பக்கமும் பச்சை.
இருநூற்றுச் சொச்சம் நோயில்
ஒன்றைக்கூட நான் சுமக்கவில்லை.
இன்னொரு தாள் போன மாசியிலேயே வந்துவிட்டது,
விந்தணு எண்ணிக்கை: இல்லை.
இனத்தூய்மை நூறு, முளைப்பு சுழியம்.
என் மேசைக்கு வந்தால்
நானே திருப்பி அனுப்பும் மூட்டை.
சிரித்துவிட்டேன்.
தமயந்தி என் முழங்கையைக் கிள்ளினாள்.

தாங்கி என்றால் நோயாளி இல்லை, என்றார் பானு.
அவங்களுக்கு அது ஒன்றும் செய்யாது.
எதிர்ப்பக்கமும் அதே இருந்தால்தான்
நாலில் ஒரு பிள்ளைக்கு
மாதா மாதம் ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு
வையகளத்தூர்ப் பக்கம் சாலையோரம் ஒரு கல்.
இரண்டு கால், மேலே ஒரு பாளம்.
வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்காக
யாரோ நட்டது.
சுமைதாங்கி.
விறகோ வைக்கோலோ,
இறக்கி வைப்பவர் பெயரை அது கேட்பதில்லை.
இந்த வார்த்தையை ஆஸ்பத்திரிக்கு
யார் எடுத்துக் கொடுத்தார்களோ.

வங்கியிலிருந்து முதலில் வந்தவன்
டி-பதினேழு.
இருபத்து மூன்று வயது, ஐந்தடி எட்டு,
மாநிறம், பி.காம்., ஓ பாசிட்டிவ்.
படம் இல்லை, பேர் இல்லை.
பெண் பார்க்கப் போன வீட்டில்
திரைச்சீலையை மட்டும் பார்த்துவிட்டு வந்த மாதிரி.
இருந்தும் பிடித்துப்போயிற்று.
ஒன்பதாம் நாள் போன் வந்தது:
அவனும் தாங்கி. அதே வரி.
நீக்கிவிட்டோம் சார், வேறு பார்க்கலாம்.

நீக்கிவிட்டோம்.
வயல் ஆய்வில் இருந்த காலத்தில்
நானும் சொன்னதுதான்.
பூக்கும் பருவத்தில் வரப்பில் நின்று,
ஒரு சாண் உயர்ந்து தெரியும் கலவனைக் காட்டி,
பிடுங்குங்க, வேரோட.
பிடுங்கியதை மாடு தின்னும்.
அதுவும் நெல்தான்.

இரண்டாமவன் டி-நாற்பத்தொன்று.
அவனிடமும் ஏதோ இருக்கிறது,
காது கேளாமை சம்பந்தமாய் ஒன்று.
தமயந்தியிடம் அது இல்லை, ஆகவே பரவாயில்லை.
ஒன்றுமே இல்லாத ஆள் ரொம்ப அபூர்வம் சார்,
என்றார் பானு என்னைப் பார்த்து.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.
ஆறு இடத்தில் கையெழுத்து.
அட்டையில் போடும் அதே கையெழுத்து.

திரும்பும்போது நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது,
எப்போதும் போல.
பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கி
வெள்ளரிப்பிஞ்சு பேரம் பேசினார்கள்.
சரக்கு ரயில், நாற்பத்திரண்டு பெட்டி,
உள்ளே கொள்முதல் நெல்.
எந்த வயலில் விளைந்தோம் என்று
எந்த மூட்டைக்கும் தெரியாது.
தமயந்தி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள்.
கடைசிப் பெட்டி போன பிறகு கேட்டாள்:

"அந்தப் பதினேழுக்கு
யாராவது சொல்லியிருப்பாங்களா?
நாளைக்கு அவனும் கல்யாணம் பண்ணுவான்ல."

கேட் இன்னும் ஏறவில்லை.
அந்தப் பக்கத்திலிருந்தும்
ஒரு வண்டி வருகிறதாம்.